தீவனம் கேட்கும் பவளம்: வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம் வட்டாரங்களில் கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்க்கும் பழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது. மீனோடு நில்லாமல், கடல்நீர்த் தொட்டி வைத்து உயிருள்ள பவளம் வளர்க்க வேண்டும் என்ற ஆசையும் இளைஞர் சிலரிடம் தலைதூக்கியிருக்கிறது. "வெளிச்சமே தேவைப்படாத பவளம் இருக்கிறதாமே? விளக்குச் செலவு மிச்சம்தானே? கடன் வாங்கித் தொட்டி வைத்தால் கட்டுப்படியாகுமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆகவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளக்குச் செலவு மிச்சம்தான். ஆனால் அதைப்போல் பல மடங்கு தீவனத்துக்கும் தண்ணீருக்கும் போய்விடும். மேலும் கல் பவளத்தையும் கடல் விசிறியையும் வீட்டில் வைப்பது நம் நாட்டில் குற்றம். கடன் வாங்க நினைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்வது நல்லது. இந்தப் பவளங்களுக்கு ஊட்டும் தீவனத்தைத் தயாரிப்பது மட்டும் வேறு விஷயம். அதில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதையும் பின்னால் சொல்கிறேன்.

மானாவாரியும் கொட்டிலும்

பவளம் கல்லுமல்ல, செடியுமல்ல, அது விலங்கு. பவளப்பூச்சி என்று சொன்னாலும் பூச்சி இனத்தோடு அதற்கு உறவு கிடையாது. நடுவில் ஒரு வாய், வாயைச் சுற்றி விரல்கள், கீழே ஒரு பை, இவ்வளவுதான் அதன் உடல். பெரும்பாலான வகைகளில் இவை நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழும். கல் பவளங்கள் கடல்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தமக்குக் கீழே கல்லாக உருவாக்கும். அந்தக் கல் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்ததே பவளப்பாறை.

ஆழமில்லாத கடலில் பாறை கட்டும் பவளங்களின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அது வெயிலைக் கொண்டு ஒளிச்சேர்க்கை செய்து, தான் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும் பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளத்துக்கு வேண்டிய எரிபொருளில் பத்தில் ஒன்பது பங்குகூட இப்படிக் கிடைப்பதுண்டு. நம் மானாவாரி நிலத்துச் சோளத்தைப் போல, வெயில் இருந்தால் அதன் பாடு நடந்துவிடும்.

மற்றொரு வகைப் பவளத்தின் சதையில் இந்தப் பாசி இல்லை. வெயில் பட்டாலும் படாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். தண்ணீரோடு மிதந்து வரும் சிறு உயிர்களைப் பிடித்துத் தின்றால்தான் உயிர் வாழும். இது கொட்டிலில் கட்டிய ஆடு மாதிரி. நாம் கொண்டுபோய்ப் போடாவிட்டால் பட்டினிதான். உலகில் கண்டறியப்பட்டுள்ள கல் பவள இனங்களில் ஏறத்தாழ பாதி இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பல ஆழ்கடலில், இருட்டிலும் குளிரிலும் வாழ்கின்றன. நார்வே நாட்டுக் கடலில் சுமார் 300 மீட்டர் ஆழத்திலும் அதற்குக் கீழேயும் இத்தகைய பவளம் பெரும் பாறைத் தொடராகவே வளர்ந்து கிடக்கிறது.

நாம் மோதிரத்திலும் மாலையிலும் அணியும் சிவப்புப் பவளமும் பாசி இல்லாத வகைதான் என்பது பலருக்குத் தெரியாது. அது மத்தியதரைக் கடலில், வெளிச்சம் மங்கிய பாறை இடுக்குகளில் வளர்வது. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரை அடுத்த டோரே டெல் கிரேக்கோ என்ற ஊர் அதைக் கடைந்து மணியாக்கும் தொழிலுக்குப் பேர் பெற்றது. முசிறித் துறைமுகத்துக்கு வந்த சரக்குகளில் பவளமும் இருந்ததை முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு தெரிவிக்கிறது. இந்தப் பவளக் கிளை ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூடப் பருமன் ஏறாது. ஆறு மில்லிமீட்டர் மணி ஒன்று கிடைக்க வேண்டுமானால் அந்தக் கிளை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்திருக்க வேண்டும். பவளத்தை வளர்த்துச் சீக்கிரம் காசாக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

தொட்டிப் பிரியர்கள் நாடும் பாசியில்லாப் பவளங்களில் முதலாவது, ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்கும் சூரியப் பவளம். சூரியனே வேண்டாத உயிருக்கு இப்படி ஒரு பெயர்! மன்னார் வளைகுடாப் பகுதியிலும் இது பதிவாகியுள்ளது. அடுத்தது கடல் விசிறி. இவற்றில் பெரும்பாலானவை பாசியில்லாதவை. மூன்றாவது, கல் இல்லாமல் சதையாகவே கிளைத்து, இளஞ்சிவப்பிலும் ஊதாவிலும் காணப்படும் மென்பவளம்.

ஊட்டும் முறை

சிங்கப்பூர், அமெரிக்கா போன்ற இடங்களில் உள்ள நம்மவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டப்படி சூரியப் பவளம் வாங்கி வளர்க்கிறார்கள். பெரிய காட்சிச்சாலைகளிலும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கையாளும் முறையைத் தெரிந்துகொண்டால் இதிலுள்ள உழைப்பு விளங்கும்.

சூரியப் பவளம் பகலில் சுருங்கிக் கிடக்கும்; இருட்டிய பின்தான் விரல்களை விரிக்கும். இறால் கழுவிய நீரைச் சிறிது தொட்டியில் விட்டால் வாடை பிடித்து, கால் மணி அரை மணி நேரத்தில் விரிந்துவிடும். தினமும் ஒரே நேரத்தில் இப்படிச் செய்துவந்தால் பகலிலேயே விரியப் பழகிக்கொள்ளும். பால் கறக்கும் நேரம் பசுவுக்குத் தெரிவதைப் போலத்தான். விரிந்ததும் நீரோட்ட மோட்டாரை நிறுத்திவிட்டு, இங்க் பில்லர் போன்ற குழாயால் ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக ஊட்ட வேண்டும். பொடியாக நறுக்கிய இறால், உறைய வைத்த சிறு கூனி, வளர்ந்த ஆர்டீமியா ஆகியவை ஏற்ற தீவனம். ஒரு கூட்டத்தில் நாற்பது வாய் இருந்தால் நாற்பதுக்கும் ஊட்ட வேண்டும். ஒரு வாய் தின்பதில் அக்கம் பக்கத்துக்குப் போய்ச் சேருவது சொற்பம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது ஒவ்வொன்றுக்கும் கிடைக்காவிட்டால், வாய்களுக்கு இடையில் உள்ள சதை வற்றி வெள்ளைக் கல் தெரிய ஆரம்பிக்கும். அதுதான் பட்டினியின் முதல் அடையாளம்.

தொட்டியில் உள்ள மீனும் இறாலும் வாயில் வைத்த தீவனத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இதற்கு ஒரு சிறு உபாயம் உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலை அடிப்பாகம் நீக்கி, பவளத்தின்மேல் குடை போலக் கவிழ்த்து, பாட்டிலின் வாய் வழியே தீவனத்தை விட வேண்டும். அரை மணி நேரம் கழித்துக் குடையை எடுத்துவிட்டு மோட்டாரைப் போடலாம்.

சூரியப் பவளம் ஊட்டுகிறவர் பொறுமைக்குப் பலன் தரும். கடல் விசிறியும் மென்பவளமும் அப்படியல்ல. அவற்றின் வாய் சிறியது. வேண்டிய தீவனம் அதைவிடச் சிறியது. இஸ்ரேல் நாட்டை ஒட்டிய செங்கடலில் ஆராய்ந்த அறிவியலார், மென்பவளம் ஒன்று பெரும்பாலும் நுண்பாசியைத் தின்றே வாழ்கிறது என்று 1995இல் வெளியிட்டார்கள். அந்தப் பாசி கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்குகளே அதன் அளவு. கடலில் நீரோட்டம் இரவு பகலாக அதைக் கொண்டுவந்து கொடுக்கிறது. தொட்டியில் அதே வேலையைச் செய்ய வேண்டுமானால், குளிர்பதனப் பெட்டியில் வைத்த பாசிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக நாள் முழுவதும் விட வேண்டும். நீரோட்டமும் ஓயாமல் இருக்க வேண்டும். வீட்டுத் தொட்டிகளில் இந்த மென்பவளம் பெரும்பாலும் சில மாதங்களில் மெலிந்து கரைந்துவிடுகிறது. வாங்கும்போது இருந்த அழகை நம்பி இதில் பணத்தைப் போடுவது வீண் என்பது என் கருத்து.

தொட்டிக்குள் யூரியா

ஊட்டுவதைவிடக் கடினமானது, ஊட்டியபின் தண்ணீரைக் காப்பது. உர மூட்டை தெரிந்த விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

200 லிட்டர் தொட்டிக்குத் தினம் 2 கிராம் உலர்ந்த தீவனம் போடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதி, அதாவது 1 கிராம் புரதம். புரதத்தில் 16 சதம் தழைச்சத்து. எனவே நாளொன்றுக்கு 0.16 கிராம் தழைச்சத்து தொட்டிக்குள் போகிறது. யூரியாவில் தழைச்சத்து 46 சதம். இந்தக் கணக்குப்படி, தினம் மூன்றில் ஒரு பங்கு கிராம் யூரியாவைத் தொட்டியில் தூவுவதும் இதுவும் ஒன்றுதான். ஒரு மாதத்தில் பத்து கிராமுக்கு மேல் ஆகிவிடும். வயலில் உரத்தை எடுத்துக்கொள்ளப் பயிர் இருக்கிறது. இந்தத் தொட்டியில் இருப்பவை தின்று கழிக்கும் விலங்குகள் மட்டுமே.

தின்றது போக மீந்ததும் கழிவும் முதலில் அமோனியாவாகும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல என்றாலும் சேர்ந்துகொண்டே போகும். மேலே சொன்ன தழைச்சத்து முழுவதும் நைட்ரேட்டானால் லிட்டருக்கு நாளொன்றுக்கு மூன்றரை மில்லிகிராம் ஏறும். வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினாலும் அளவு நூறைத் தாண்டித்தான் நிற்கும். அவ்வளவு ஏறினால் பாசி மண்டி, பவளத்தை மூடிவிடும். இதனால்தான் இத்தகைய தொட்டிகளில் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் கருவி வைக்கிறார்கள். அடியில் தங்கும் தீவனத்தை அன்றன்றே குழாயால் உறிஞ்சி எடுக்கிறார்கள்.

இனி நம் ஊர் நிலைமையைப் பாருங்கள். 200 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு 40 லிட்டர். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பதால் வாரம் 1,400 கிராம் செயற்கைக் கடலுப்பு செலவாகும். அதைக் கரைக்க உப்பில்லாத நல்ல தண்ணீர் வேண்டும். தவிரவும், கரிசல் காட்டு வறண்ட காற்றில் தொட்டி நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்றாவிட்டால் உப்பின் அளவு ஏறி உயிர்கள் செத்துப்போகும். சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்து பழகிய ஊரில் இது சின்னச் செலவல்ல.

"எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் ஏற்கெனவே உவர்ப்பாயிற்றே, அதைப் பயன்படுத்தலாமா?" என்று கேட்கத் தோன்றும். கூடாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் உண்டு. நம் கிணற்று உவர்நீரில் உப்புகளின் விகிதமே வேறு. அத்துடன் வயல் உரத்தின் நைட்ரேட்டும் கலந்திருக்கக் கூடும். உப்பளத்துக் கல்லுப்பைக் கரைத்தாலும் கடல்நீர் ஆகாது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் முன்னதாகவே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நடுவில் எடுக்கும் உப்பில் இவ்விரண்டும் சொற்பமே. கல் வளர்க்கும் உயிருக்கு அது போதாது.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். இத்தொட்டிகளை 24 முதல் 26 டிகிரியில் வைப்பது வழக்கம். சித்திரை வைகாசியில் கோவில்பட்டி வெயிலுக்குக் குளிர்விக்கும் கருவி இல்லாமல் அது முடியாது. விளக்கில் மிச்சம் பிடித்த மின்சாரம் இங்கே செலவாகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை 21 தீவுகளைச் சுற்றி மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் அமைந்திருக்கின்றன. இவற்றில் வேம்பார்த் தீவுகள் நமக்கு மிக அருகில், விளாத்திகுளம் தாண்டினால் எட்டும் கடலில் உள்ளன. 1986இல் இத்தீவுப் பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளக் கற்களைப் படகு படகாக வெட்டி எடுத்தார்கள். கடல் விசிறிகளைச் சேகரித்து ஏற்றுமதியும் செய்தார்கள். தூத்துக்குடித் தீவுகளில் விலாங்குசல்லி கடலுக்குள் மூழ்கிப் போனதற்குப் பாறைகளை வெட்டியதும் ஒரு காரணம்.

2001 ஜூலையில் மத்திய அரசு எல்லாக் கல் பவளங்களையும், கருப்புப் பவளம், குழல் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. 2022இல் சட்டம் திருத்தப்பட்டபோதும் இவை முதலாம் அட்டவணையிலேயே வைக்கப்பட்டன. சூரியப் பவளம் கல் பவள இனம் என்பதால் அதுவும் இதில் அடங்கும். எடுப்பது, விற்பது, வாங்குவது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகமாக ஏழு ஆண்டு சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க இடமுண்டு. உயிருள்ளது, செத்தது என்ற பாகுபாடும் இல்லை. கடற்கரையில் பொறுக்கிய துண்டை அலமாரியில் வைத்திருப்பதும் வம்புதான். மென்பவளத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். பூங்கா எல்லைக்குள் எந்த உயிரையும் அனுமதியின்றி எடுக்கக் கூடாது என்பதால் அந்த வாதம் அங்கே உதவாது.

"இது வெளிநாட்டுச் சரக்கு" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். கல் பவளங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் கீழும் வருகின்றன. ஏற்றுமதி நாட்டின் அனுமதியும் நம் நாட்டின் இறக்குமதி அனுமதியும் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் பேச்சை முடித்துக்கொள்வதே நல்லது. வீட்டுக்கு அதிகாரிகள் வரும்போது விற்றவர் உடன் வரமாட்டார்.

தொட்டியில் வளர்த்தது அலுத்துப்போனால் கடலில் விட்டுவிடலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது. சூரியப் பவளம் பிரேசில் நாட்டுக் கடலுக்கு உரியதன்று. 1980களில் எண்ணெய்த் துரப்பண மேடைகளில் ஒட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்து, பின்னர் கரையோரப் பாறைகளில் பரவி, உள்ளூர் உயிர்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது. வெயில் தேவைப்படாததால் பாறையின் அடிப்பக்கம், இடுக்கு, கப்பலின் அடிப்புறம் என்று எங்கும் அது குடியேறிவிடும். நம் கண்மாய்களில் ஆகாயத்தாமரை செய்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

தீவனத்தில் உள்ள வழி

ஆர்டீமியா என்பது உப்பளத்தில் வாழும் சிறு இறால் இன உயிர். பவளத்துக்கு மட்டுமல்ல, இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கும் வண்ண மீன் பண்ணைகளுக்கும் இதுவே குஞ்சுப் பருவத் தீவனம். இதை வளர்க்க மேற்சொன்ன சட்டத் தடை எதுவுமில்லை. உலகச் சந்தைக்கு இதன் முட்டை பெருமளவில் அமெரிக்காவின் யூட்டா மாநில உப்பு ஏரியிலிருந்து வருகிறது. ஒரு டின் சில ஆயிரம் ரூபாய் விலை. ஆனால் இதே உயிர் தூத்துக்குடி உப்பளங்களில் இயற்கையாகவே உண்டு. அங்குள்ள நாட்டு வகையில் ஆணே கிடையாது. பெண் தானாகவே இனம் பெருக்கும்.

வியட்நாமில் மேகாங் ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டிய வின்சாவ் பகுதி உப்பள விவசாயிகள் 1980கள் முதல், கோடைப் பருவத்தில் உப்புப் பாத்தியிலேயே ஆர்டீமியா வளர்த்து முட்டை எடுக்கிறார்கள். கோழி எருவிட்டு நீரைப் பச்சையாக்கி, தவிடும் இடுகிறார்கள். கோழி எருவும் தவிடும் நம் கரிசல் கிராமங்களில் இல்லாத பொருளல்ல. தூத்துக்குடி, வேம்பார் உப்பளக்காரர்களோடு சேர்ந்து நம் இளைஞர்கள் இதைச் சிறு அளவில் செய்து பார்க்கலாம். வெளிநாட்டு வகையை இறக்க வேண்டாம். அது ஏற்கெனவே நம் நாட்டு உப்பளங்களில் புகுந்து நாட்டு வகையை நெருக்கத் தொடங்கியிருக்கிறது. 1977இல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கப்பட்டு இன்று மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியை அணுகி, எந்தப் பாத்தி ஏற்றது, எந்த உப்பளவில் இறக்குவது என்று கேட்டறிந்த பின்பே பணம் போட வேண்டும்.

வீட்டில் முட்டை பொரிக்க இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் அயோடின் சேர்க்காத கல்லுப்பு 25 முதல் 30 கிராம், சமையல் சோடா ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றுங்கள். பவளத்துக்கு ஆகாத கல்லுப்பு முட்டை பொரிக்கப் போதும். 2 கிராம் முட்டையைப் போட்டு, மூடி வழியே செருகிய குழாயால் அடியிலிருந்து காற்று விட வேண்டும். ஒரு விளக்கு எரியட்டும். 28 டிகிரி வெப்பம் ஏற்றது. நம் ஊரில் மார்கழி தை தவிர மற்ற மாதங்களில் சூடேற்றத் தேவையில்லை. கடுங்கோடையில் பாட்டிலை நிழலான இடத்தில் வைக்க வேண்டும்.

இருபத்து நான்கு மணி நேரத்தில் குஞ்சு வெளிவரும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெற்று ஓடுகள் மேலே மிதக்கும்; ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் கீழே இறங்கும். அடியிலுள்ள குழாயைத் திறந்து மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிய பிறகே தீவனமாகக் கொடுக்க வேண்டும். ஓடுகள் கலந்தால் மீன் குஞ்சின் குடலை அடைத்துவிடும். குஞ்சு பிறக்கும்போது உடலில் கொண்டுவரும் கொழுப்பு ஒரு நாளில் கரைந்துபோவதால், பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது சிறந்தது. மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்திருக்கலாம்.

முட்டை டின்னைத் திறந்த பின் காற்றுப் புகாமல் மூடிக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஈரம் பட்ட முட்டை பொரிக்காது. ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலத்தில் இதில் கூடுதல் கவனம் தேவை.